எலைஜா மக்கோய்: எண்ணெய்ப் பேணி கொடுக்கப்பட்ட பொறியியலாளர்

நீராவிப் புகையிரதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எஞ்சினின் வெளிப்புறத்தில், கொதிகலனை ஒட்டியுள்ள ஒடுங்கிய நடைபலகை வழியே ஒரு மனிதர் கைபிடியைப் பற்றியபடி முன்னோக்கி நடந்து போகிறார். மறு கையில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு நிறைந்த பேணி. இறக்கத்தில் சாரதி நீராவியை அடைத்து வைத்திருக்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள், முன்னால் இருக்கும் கிண்ணத்தில் கொழுப்பை ஊற்றிவிட்டு அவர் திரும்பி வர வேண்டும். பனிக்காலத்தில் அந்தப் பலகையில் ஐஸ் உறைந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் புகையிரதங்களில் இது அன்றாட வேலை. அடுப்புக்கு எரிபொருள் போடும் 'ஃபயர்மன்' தான் இதையும் செய்வார். அதனால் அவர்களுக்குக் 'கொழுப்புப் பேணி' என்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரொயிட்டையும் சிக்காகோவையும் இணைத்த மிச்சிகன் சென்ட்ரல் புகையிரதப் பாதையில் இந்த வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இயந்திரப் பொறியியல் பயின்று வந்தவர். எஞ்சினை வடிவமைக்கவும் திருத்தவும் கற்றிருந்த அவரிடம் மண்வெட்டியையும் எண்ணெய்ப் பேணியையும் கொடுத்தார்கள். அவர் கறுப்பினத்தவர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை. அவர் பெயர் எலைஜா மக்கோய்.

அவரைப் பற்றிய ஒரு கதை ஆங்கிலம் பேசும் உலகில் மிகப் பிரபலம். போலியல்லாத அசல் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் 'தி ரியல் மக்கோய்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. அது இவரிடமிருந்துதான் வந்தது, இவர்தான் இயந்திரங்களுக்குத் தானாக எண்ணெயூட்டும் கருவியை முதன்முதலில் கண்டுபிடித்தார் என்பது அந்தக் கதை. இரண்டு பகுதிகளும் பிழை. ஆனால் உண்மையில் நடந்தது, என் பார்வையில், அந்தக் கதையைவிடக் கனமானது.

*

மக்கோயின் பெற்றோரான ஜோர்ஜும் மில்ட்ரட்டும் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்து தப்பியவர்கள். அடிமைகளை வடக்கே கடத்திச் சென்று விடுவிப்பதற்கென அமெரிக்காவில் இரகசிய வலையமைப்பு ஒன்று இயங்கியது. அதை 'நிலத்தடிப் புகையிரதம்' என்று அழைத்தார்கள். அதில் தண்டவாளமும் இல்லை, எஞ்சினும் இல்லை. மறைவிடங்களுக்கு 'நிலையங்கள்' என்றும் வழிகாட்டிகளுக்கு 'நடத்துநர்கள்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதன் கடைசி நிலையங்களில் ஒன்று டெட்ரொயிட். அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் கனடா. பிரித்தானியப் பேரரசில் 1834இலேயே அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தது.

அப்படி ஆற்றைக் கடந்தவர்கள், இன்று ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் அதே ஒன்ராறியோவில், எரி ஏரிக்கரையிலுள்ள கொல்செஸ்டர் பகுதியில் குடியேறி விவசாயம் செய்தார்கள். 12 பிள்ளைகள். அவர்களில் ஒருவராக 1844 மே 2ஆம் திகதி எலைஜா பிறந்தார். பிறப்பால் அவர் பிரித்தானியக் குடிமகன். சட்டப்படி எவருக்கும் அடிமையல்ல. ஆனாலும் அவர் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பாடசாலையில். ஆற்றுக்கு அப்பால் அடிமைத்தனம், இப்பால் ஒதுக்கிவைப்பு. சுதந்திர பூமி என்று சொல்லப்பட்ட இடத்தின் நிலைமை அப்படி.

இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதில் சிறுவயதிலேயே அவருக்கு ஈடுபாடு இருந்தது. 15 வயதில், 1859இல், பெற்றோர் அவரை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். தப்பியோடி வந்த ஒரு விவசாயக் குடும்பம், கையில் இருந்ததைத் திரட்டி, அத்திலாந்திக்கைக் கடந்து பிள்ளையைப் பொறியியல் படிக்க அனுப்பியது. இப்படியொரு முடிவை எடுக்கும் குடும்பங்களை நமக்கு நன்றாகத் தெரியும். ஸ்கொட்லாந்தில் அன்று தொழிலைக் கற்கும் வழி பயிலுநராகச் சேர்வதுதான். பட்டறையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, கையும் மூளையும் ஒன்றாகப் பழகி, இயந்திரப் பொறியியலாளராகத் தகுதி பெற்று அவர் திரும்பினார். இதற்கிடையில் குடும்பம் மிச்சிகனில், டெட்ரொயிட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இப்சிலாண்டி என்ற சிறு நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமைமுறை அரசியலமைப்பிலிருந்து நீங்கியது. ஆனால் புகையிரதத்தில் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பதை அரசியலமைப்பு தீர்மானிக்கவில்லை. சாரதிகளின் தொழிற்சங்கம் 1863இல் டெட்ரொயிட்டில்தான், இதே மிச்சிகன் சென்ட்ரல் தொழிலாளர்களின் முன்முயற்சியில் உருவானது. அதில் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. பத்து ஆண்டுகளின் பின் ஃபயர்மன்களுக்கு உருவான சங்கமும் அப்படித்தான். முதலாளிகளின் சுரண்டலுக்கு எதிராக அமைந்த அமைப்புகளே தமது கதவில் நிறத்தை எழுதி வைத்திருந்தன என்பதைத் தொழிற்சங்க வரலாற்றைப் பெருமையோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள்.

ஆகவே, எலைஜா அடுப்புக்கு எரிபொருள் போட்டார். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினார்.

*

எண்ணெய் ஊற்றுவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பிறகு செய்ததெல்லாம் இதைச் சுற்றியே அமைந்தது.

எந்த உலோகமும் பார்வைக்குத்தான் வழுவழுப்பாக இருக்கும். நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும் நிறைந்திருக்கும். இரண்டு உலோகப் பரப்புகள் அழுத்தத்தோடு உரசும்போது மேடுகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. சூடேறி ஒட்டிப் பிய்கின்றன. பிய்ந்த துகள் மேலும் கீறுகிறது. இதுதான் தேய்மானம். நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தால் இரண்டு பரப்புகளும் தொடாமலே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். படலம் அறுந்தால் சில நிமிடங்களில் அச்சு பழுக்கக் காய்ந்துவிடும். புகையிரதப் பெட்டிகளின் அச்சுப் பெட்டிகள் புகைந்து தீப்பிடிப்பது அந்தக் காலத்தில் சாதாரணம்.

சக்கர அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் நிலையங்களில் நிற்கும்போது எண்ணெய் விடலாம். சிக்கல் சிலிண்டரில்தான் இருந்தது. பிஸ்டன் ஓடும் சிலிண்டரும், நீராவியை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் வால்வும் மூடப்பட்ட பாகங்கள். உள்ளே சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கொதிக்கும் நீராவி. கிண்ணத்தைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது. நீராவிதான் முகத்தில் அடிக்கும். அதனால்தான் சாரதி நீராவியை அடைக்கும் வரை காத்திருந்தார்கள். அடைத்ததும் பிஸ்டனின் ஓட்டம் உள்ளே ஒரு வெற்றிடத்தை உண்டாக்கும். ஊற்றிய கொழுப்பை அது உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த இறக்கம் வரும்வரை அந்த ஒரு பேணிக் கொழுப்புத்தான். முதல் சில நிமிடங்களுக்குத் தேவைக்கு அதிகம், பிறகு எதுவுமில்லை. ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுப்பிடித்து இழுக்கும்போது, அதாவது எண்ணெய் மிகவும் தேவைப்படும்போது, சிலிண்டர் வறண்டு கிடக்கும்.

அத்தோடு மாட்டுக் கொழுப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சூடான நீராவியில் அது சிதைந்து அமிலமாகி இரும்பையே அரிக்கும். காப்பாற்றுவதற்காக ஊற்றியதே தின்னத் தொடங்கும். பென்சில்வேனியாவில் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர்தான், பூமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கனிய எண்ணெய் மெல்ல மெல்லச் சிலிண்டர்களுக்கு வந்தது.

நேரத்துக்கு ஒருமுறை நிறைய ஊற்றுவதா, இடைவிடாமல் துளித்துளியாகக் கொடுப்பதா என்பதே கேள்வி. விடை எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்வது என்பதுதான் பிரச்சினை. எஞ்சின் வடிவமைக்கும் மேசையில் இருந்தவர்களுக்கு இது சிறு விடயமாகத் தெரிந்திருக்கலாம். நடைபலகையில் பேணியோடு நடந்தவருக்கு அப்படித் தெரிந்திருக்காது. மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று மக்கோயிடம் இருந்தது என்று நான் நினைப்பது இதைத்தான்: நடைபலகையின் அனுபவமும் மேசையின் கல்வியும் ஒரே ஆளிடம் இருந்தன. அவரை அவமதிப்பதற்காகக் கொடுக்கப்பட்ட வேலையே அதற்குக் காரணமானது என்பதற்காக அந்த அவமதிப்பை நியாயப்படுத்த முடியாது.

*

வேலை முடிந்த பின் இப்சிலாண்டியில் வீட்டோடு சேர்ந்த சிறிய பட்டறையில் அவர் பரிசோதனைகளைச் செய்தார். 1872 ஜூலையில் நீராவி எஞ்சின்களுக்கு எண்ணெயூட்டும் கருவிக்கான அவரது முதல் ஆக்கவுரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. அதன் இலக்கம் 129,843. சிலிண்டரின் மேல் பொருத்தப்படும் ஒரு கிண்ணம். எண்ணெயைத் தடுத்து நின்ற நீராவியின் அழுத்தத்தையே வேலைக்குப் பயன்படுத்தி எண்ணெயை உள்ளே விடும் அமைப்பு. எவரும் வெளியே போய் நிற்கத் தேவையில்லை.

அதே 1872இல்தான் அவரது முதல் மனைவி ஆன் எலிசபெத் இறந்தார். திருமணமாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்தப் பத்திரத்தின் தலைப்பில் முதல் சொல் 'மேம்பாடு' என்பது. அது வெறும் சட்டச் சம்பிரதாயம் அல்ல. இங்கிலாந்தின் க்ரூ நகரப் புகையிரதப் பட்டறைகளில் பணியாற்றிய ஜோன் ராம்ஸ்பொட்டம் 1860இலேயே தானாக எண்ணெயூட்டும் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். எண்ணெய்க் கிண்ணத்துக்குள் சிறிது நீராவியை விட்டால் அது குளிர்ந்து நீராகும். நீர் கனமானதால் அடியில் தங்கி எண்ணெயை மேலே தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் குழாய் வழியே வழிந்து சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் எதுவும் இல்லாத, அருமையான யோசனை. அடுத்த ஆண்டுகளில் வேறு சிலரும் இதே வழியில் மேம்பாடுகள் செய்தார்கள். அமெரிக்காவிலும் போட்டிக் கருவிகள் பல இருந்தன. ஆகவே மக்கோய் முதல்வர் அல்லர். பலரும் முயன்றுகொண்டிருந்த ஒரு துறையில் அரை நூற்றாண்டு விடாமல் நின்றவர் அவர்.

ஒரு கண்டுபிடிப்பாளரை மதிக்க அவர் எல்லாவற்றுக்கும் முதலாளாக இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பது ஒரு நோய். பராமரிப்புத் துறையில் முதலாள் என்று பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. ஒருவர் வால்வை மாற்றுவார், இன்னொருவர் குழாயை மாற்றுவார், மூன்றாமவர் எண்ணெய் சொட்டுவதைக் கண்ணாடி வழியே பார்க்க வழி செய்வார். இப்படித்தான் எஞ்சின்கள் நம்பகமாகின.

*

மக்கோய் டெட்ரொயிட்டுக்குக் குடிபெயர்ந்த அதே காலத்தில், உராய்வு பற்றிய அறிவியல் ஐரோப்பாவில் பிறந்துகொண்டிருந்தது. அதற்கும் புகையிரதமே தொட்டில். இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்துக்காக பொஷாம்ப் டவர் என்பவர் புகையிரத அச்சுகளில் வருவது போன்ற பெயாரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்கென்று பெயாரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலைத் தாண்டிப் போனது. பெயாரிங் மீது வைத்த சுமையின் சராசரி அழுத்தமோ அதில் பாதிதான். சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இடுக்குக்குள் இழுத்து, அந்த எண்ணெயின் மீதே மிதக்கிறது என்பது 1883இல் இப்படித் தற்செயலாகத் தெரியவந்தது. அதே ஆண்டில் ரஷ்யாவில் நிக்கொலாய் பெட்ரோவ் பெயாரிங் உராய்வைக் கணக்கிட்டுக் காட்டினார். 1886இல் மன்செஸ்டரைச் சேர்ந்த ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் டவரின் அவதானங்களுக்குக் கணித விளக்கம் கொடுத்தார்.

இந்தப் பெயர்கள் பாடநூல்களில் இருக்கின்றன. இருக்க வேண்டியவைதான். அதே காலத்தில் ஓடும் எஞ்சின்களில் அந்த எண்ணெய் உண்மையிலேயே போய்ச் சேருவதற்கு வழி செய்தவர்களின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. ஆக்கவுரிமைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

தேடினாலும் ஒரு பிரச்சினை இருந்தது. ஆக்கவுரிமைப் பத்திரத்தில் விண்ணப்பதாரரின் நிறம் எழுதப்படுவதில்லை. அடிமைமுறைக் காலத்தில் அடிமைகள் ஆக்கவுரிமை பெறவே முடியாது; அவர்களுக்குச் சட்டத்தில் ஆளுமையே இல்லை என்று 1858இல் அமெரிக்க சட்டமா அதிபர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். போருக்குப் பின் அந்தத் தடை நீங்கியது. 35 டொலர் கட்டணம் செலுத்தினால் 17 ஆண்டுகளுக்கு உரிமை. நிறம் கேட்கப்படாத மிகச் சில கதவுகளில் அது ஒன்று. ஆனால் அதனாலேயே, கறுப்பினத்தவர்கள் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று கூசாமல் சொல்ல முடிந்தது. ஆக்கவுரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஹென்றி பேக்கர் என்ற கறுப்பின அதிகாரி சட்டத்தரணிகளுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதங்கள் எழுதி, கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அந்தப் பட்டியல் போனது. மக்கோயின் பெயர் அதில் பலமுறை வந்தது. 1909இல் புக்கர் வொஷிங்டன் வெளியிட்ட நூலில், அதுவரை அமெரிக்கக் கறுப்பினத்தவர்களில் மிக அதிக ஆக்கவுரிமைகளைப் பெற்றவர் மக்கோய் என்று குறிப்பிட்டார்.

மொத்தம் 50க்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை எண்ணெயூட்டும் கருவிகள். இடையிடையே வேறு சிலவும் உண்டு: 1874இல் துணிகளுக்கு இஸ்திரி போடும் மேசை, 1899இல் புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவி. நீராவி எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர் எந்தச் சந்தர்ப்பத்தில் இஸ்திரி மேசையைப் பற்றி யோசித்தார் என்பதைக் கற்பனை செய்து பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம் உண்டு. 1873இல் அவர் மேரி எலினோரா டெலேனியை மணந்திருந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

மேரியைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். டெட்ரொயிட்டில் கறுப்பினப் பெண்களின் அமைப்புகளைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். முதுமையில் ஆதரவற்றுப்போன கறுப்பினப் பெண்களுக்காக 1898இல் தொடங்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லி இல்லத்தின் நிறுவுநர்களில் ஒருவர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்தார்.

*

இத்தனை ஆக்கவுரிமைகள் இருந்தும் மக்கோய் செல்வந்தர் ஆகவில்லை. கருவியைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வார்ப்புச்சாலை வேண்டும், கடன் வேண்டும், புகையிரதக் கம்பனிகளின் கொள்முதல் அதிகாரிகளோடு பழக்கம் வேண்டும். அன்றைய மிச்சிகனில் ஒரு கறுப்பினத்தவருக்கு வங்கி அத்தகைய கடனைக் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் உரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ முதலீட்டாளர்களுக்குக் கையளித்தார். அவர்கள் கருவியைச் செய்தார்கள். அவர்களின் பெயர் கருவியில் வார்க்கப்பட்டது. அடுத்த மேம்பாட்டுக்கான செலவு அவருக்குக் கிடைத்தது. எண்ணெயூட்டும் கருவிகள் தொடர்பான ஆலோசகராக அவர் டெட்ரொயிட்டில் வாழ்க்கையை நடத்தினார்.

அவரே தனது மிகச் சிறந்த வேலையாகக் கருதியது முதுமையில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரத எஞ்சின்கள் மாறின. ஜேர்மனியின் வில்ஹெல்ம் ஷ்மித் செய்த வேலையால் கொதிகலனிலிருந்து வரும் நீராவியை மீண்டும் சூடாக்கி 300 பாகை செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகும் முறை பரவியது. எரிபொருள் வெகுவாக மிச்சமானது. ஆனால் வழமையான நீராவியில் இருக்கும் ஈரம் இந்த வறண்ட நீராவியில் இல்லை. முன்பு அந்த ஈரமே வால்வுகளுக்குச் சிறிது வழுக்கலைக் கொடுத்தது. இப்போது அதுவும் போய்விட்டது. எண்ணெயோ அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படிந்தது. எஞ்சின் பெரிதாகவும் சிக்கனமாகவும் ஆனது, உள்ளே வேகமாகத் தேய்ந்தது.

இதற்கு மருந்து கிராஃபைட் என்பது தெரிந்திருந்தது. பென்சில் முனையில் இருக்கும் அதே கரி வகை. அதன் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். நீராவியின் சூடு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் தூள் எண்ணெயில் கரையாது. அடியில் போய்ப் படியும், குழாயை அடைக்கும். தூளை எண்ணெயோடு கலந்தபடியே, வழி அடைபடாமல் சீராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவிக்கு 1915இல் மக்கோய் ஆக்கவுரிமை பெற்றார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 71 வயது. நடைபலகையில் தொடங்கிய அதே பிரச்சினை. எஞ்சின் மட்டும் வேறு.

1920இல், 76 வயதில்தான், தன் பெயரில் எலைஜா மக்கோய் உற்பத்திக் கம்பனியை அவரால் தொடங்க முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1922இல், அவரும் மேரியும் மோட்டார் வாகன விபத்தில் படுகாயமடைந்தார்கள். மேரி அந்தக் காயங்களிலிருந்து மீளாமலே இறந்தார். மக்கோயின் உடல்நிலையும் பிறகு தேறவில்லை. மனமும் தளர்ந்தது. பணமும் இருக்கவில்லை. கடைசிக் காலத்தில் டெட்ரொயிட்டுக்கு வெளியே எலோயிஸ் என்ற இடத்தில் இருந்த, வறியோர் காப்பகமாகத் தொடங்கி வைத்தியசாலையாக வளர்ந்த அரச நிலையத்தில் சேர்க்கப்பட்டார். 1929 ஒக்டோபர் 10ஆம் திகதி அங்கே இறந்தார். வயது 85.

*

அவர் இறந்து 37 ஆண்டுகளின் பின்னர், 1966இல், இரண்டு விடயங்கள் நடந்தன. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

பிரித்தானிய அரசாங்கத்துக்காகப் பீற்றர் ஜொஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. உராய்வு, தேய்மானம், எண்ணெயூட்டல் ஆகியவற்றைச் சரியாகக் கவனித்தால் பிரித்தானியத் தொழிற்றுறை ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண் மிச்சப்படுத்தலாம் என்று அது கணக்கிட்டது. ட்ரைபோலொஜி என்ற புதிய பெயரும் இந்தத் துறைக்கு அந்த அறிக்கையிலேயே கிடைத்தது. பேணியோடு ஆள் அனுப்பிச் செய்விக்கும் கூலிவேலையாகப் பார்க்கப்பட்ட ஒன்று, பல்கலைக்கழகத் துறையாகியது.

மற்றையது, அமெரிக்காவில் கறுப்பின வாசகர்களுக்கான எபனி சஞ்சிகையில் வந்த ஒரு விஸ்கி விளம்பரம். 'தி ரியல் மக்கோய்' என்ற சொற்றொடருக்கு மூலவர் எலைஜா மக்கோய் என்ற கதை அதில்தான் அச்சில் பரவலாக அறிமுகமானது. உண்மையில் அந்தச் சொற்றொடரின் முன்னோடி, மக்கே என்ற பெயரோடு, 1856இலேயே ஸ்கொட்லாந்தில் அச்சில் இருக்கிறது. எலைஜாவுக்கு அப்போது 12 வயது. அந்த மண்ணில் அவர் காலடி வைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாட்களில் அந்தக் கதையை வாசகர்கள் ஏன் இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்பது புரிகிறது. நூற்றாண்டுகளாக எதையும் படைக்காதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, நாள்தோறும் எல்லோர் வாயிலும் வரும் ஒரு சொல்லில் தங்களவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்பது சிறிய ஆறுதல் அல்ல. ஆனால் இந்தக் கதை எளிதில் பொய்யாக்கப்படக்கூடியது. அது பொய்யானதும், பார்த்தீர்களா, அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதுவதற்கு ஆட்கள் வந்தார்கள். இணையத்தில் இன்றும் வருகிறார்கள். ராம்ஸ்பொட்டத்தின் பெயரை அவர்கள் சுட்டிக்காட்டுவது சரி. அதை வைத்து 1872 முதல் 1915 வரையான ஆக்கவுரிமைகளை அழித்துவிட முடியாது.

2001இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2012 ஜூலையில் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம், தலைநகருக்கு வெளியே தனது முதலாவது கிளையை டெட்ரொயிட்டில் திறந்து, அதற்கு எலைஜா மக்கோயின் பெயரைச் சூட்டியது.

அவரது உடல் வொரன் என்ற இடத்திலுள்ள டெட்ரொயிட் மெமோரியல் பார்க் மயானத்தில் இருக்கிறது. நகரத்து மயானங்களில் கறுப்பினத்தவர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதால், கறுப்பின வர்த்தகர்கள் சிலர் சேர்ந்து 1925இல் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கிய மயானம் அது. அவர் இறக்கும்போது அது தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.